இரண்டு கோடை கழித்துப் பாதி

மார்ச்சு 8

அதிமதுரம் தீர்ந்துவிட்டது. நேற்று ஒன்றரை மணி நேரம் பேசியதில் தொண்டை காந்துகிறது. சாயப்பட்டறைக் கழிவுநீர்த் தொட்டிகளுள் இறங்கிச் சேறு வாரும் தொழிலாளரின் சங்கக் கூட்டம். "இனி இந்த ஈரோட்டு மண்ணில் ஒருவனும் நச்சுக்காற்றில் மாளமாட்டான். மாண்டால், இந்த மேடையிலேயே என் நாவை அறுத்து வைப்பேன்!" என்றேன். முதற்சீழ்க்கை ரங்கப்பனுடையது. எந்தக் கூட்டத்திலும் அவன் சீழ்க்கைக்குப் பிறகுதான் மற்றவர் கைதட்டுவர்.

வெறும் வாய்வீரம் அன்று அது. என் மனைவி பூங்கோதையின் தம்பி சென்னியப்பன் அமைத்த கருவி, கையளவுப் பெட்டி, இடைவாரில் மாட்டிக்கொள்வது. நச்சுக்காற்று எழுந்தால் அலறும். நான் இட்ட பெயர் உயிர்க்காவல். நானும் அவனும் ஏழு தொழிலாளருமாக நடத்தும் ஒளிர் கருவியகத்தின் ஒரே செல்வம் அதுதான். கடந்த சூன் முதல் ரங்கப்பன் ஒன்றை அணிந்து தொட்டிகளில் இறங்கி ஆய்ந்து தருகிறான். அவன் வைத்த பெயர் கிளி.

"கிளி கத்துச்சுன்னா நான் மேல வந்துருவனுங்க தலைவரே. எம்பொண்டாட்டி கத்துனாக்கூட அவ்வளவு வெரசா வரமாட்டேன்" என்பான்.

கருவியின் மின்கலத்தை மாற்றும் நாளை அதன் மேலேயே தமிழ் எண்ணில் எழுதி வைப்பது என் வழக்கம். "இத யாரு மாமா படிக்கறது?" என்று சென்னியப்பன் நகைப்பான். படிக்கத் தெரிந்தவன் படிக்கட்டும்.

கோவையிலிருந்து ஓர் ஆலை நம் கருவியைச் செய்து விற்கும் உரிமம் கேட்கிறது. சங்கத்துக்கு மன்றம் கட்டித் தருவதாகத் தை மாதம் அடிக்கல் நாட்டினேன். சுவர் இடுப்பளவில் நிற்கிறது. கல்லில் என் பெயர் மட்டும் முழுமையாக இருக்கிறது.


மார்ச்சு 14

உரிம ஒப்பந்தத்தின் முதல் வரைவை இன்று முடித்தேன். முழுவதும் தமிழில். கோவைக்காரர் ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொள்ளட்டும்.

காலை முழுவதும் ஒரே வினா: பணத்தை எம்முறையில் பெறுவது? கையொப்பமிட்ட அன்றே ஒரே தொகையாகவா, விற்கும் கருவி ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்ற உரிமப்பங்காகவா?

"மொத்தமா வாங்கிட்டா அன்னிக்கே தொடுப்பு முடிஞ்சுது மாமா" என்றான் சென்னியப்பன். "ராயல்டின்னா, பொட்டி வித்தா நமக்கு வரும். விக்கலீன்னா வராது."

"அதுதான் அறம், மாப்பிள்ளை."

"அறம் ஒருபக்கம் கெடக்கட்டுங். ராயல்டின்னா நாம அவியகூடவே இருப்போம். குத்தங்கொறை வந்தாப் பாத்துச் சரி பண்ணலாம். உள்ள இருக்கற திரவம் நம்மூரு வெயிலுக்கு எத்தன நாள் காயாம நிக்கும்னு எனக்கே முழுசாத் தெரியாது. ரெண்டு கோடை தாங்குச்சுன்னாத்தான் துணிஞ்சு சொல்லுவேன்."

எனக்கு உடன்பாடே. வரைவின் முகப்பில் இவ்வாறு எழுதினேன்: "கருவியின் உள்ளத்தை விற்பவன் அறிவான், வாங்குபவன் அறியான். ஆகவே விற்பவன் தன் கழுத்தையும் அதே நுகத்தடியில் வைக்கக் கடவன். கருவி உழைத்தால் எமக்குக் கூலி. உழைக்காவிடில் எமக்கும் பசி."

சிறு முன்பணம், விற்பனையில் ஆறு விழுக்காடு, பத்தாண்டு, அரையாண்டுக்கு ஒருமுறை எம் ஆய்வு. மூன்று முறை உரக்கப் படித்தேன். பூங்கோதை அடுப்படியிலிருந்து, "கல்யாணப் பத்திரிகையாட்டம் இருக்குதுங்க" என்றாள்.


மார்ச்சு 19

கோவை ஆலையின் ஒப்பந்த மேலாளர் அலைபேசியில் அழைத்தார். வசுமதி என்னும் அம்மையார். குரலுக்கு நாற்பது அகவை இருக்கலாம். சொல்லை எண்ணிச் செலவிடுபவர்.

"ஐயா, உங்க வரைவைப் படிச்சேனுங்க. தமிழ் கொஞ்சம் மலையேறுன மாதிரி இருந்துச்சு, ஆனாப் புரிஞ்சுது. நீங்களே ராயல்டி கேட்டதுல எங்களுக்குப் பாதிப் பரிசோதனை முடிஞ்ச மாதிரிங்க."

"எப்படி அம்மா?"

"சரக்கு மேல நம்பிக்கை இல்லாதவன் அதைக் கேக்கமாட்டானுங்களே."

நாள் முழுதும் உவகையாக இருந்தது. மன்றத்துச் சுவரைப் போய்ப் பார்த்து வந்தேன்.


மார்ச்சு 21

எரிவளி உருளை வந்தது. பழையதைக் கொடுத்துப் புதியதைப் பெற்றோம். சென்னியப்பன் சேலம் சென்றிருக்கிறான், ஊழியர்க்கு விடுமுறை. முற்பகல் ரங்கப்பன் வந்தான். தேநீர் குடித்தான். கருவியைப் பற்றி ஓர் ஐயம் கேட்டான், தெளிவித்தேன். மின்கலத்தை மாற்றிக் கொடுத்தனுப்பினேன். எழுதத் தக்கது வேறொன்றும் இல்லை.


மார்ச்சு 22

வெயில் நூற்று மூன்று பாகை என்றது வானொலி.


மார்ச்சு 24

பணம் பெறும் முறையை மாற்றிப் புதிய வரைவை இன்று கோவைக்கு அனுப்பிவிட்டேன். ஒரே தொகை. நாற்பது இலக்கம் ரூபாய், கையொப்பமிடும் அன்றே. விற்பனையில் பங்கு வேண்டா; அரையாண்டு ஆய்வும் வேண்டா.

காரணங்கள் தெளிவானவை. முதலாவது, பெரிய ஆலைகள் விற்றதை விற்றதாகச் சொல்லா. ஆயிரம் விற்றால் அறுநூறு என்று எழுதும். அதைத் துருவ நம்மிடம் ஆளில்லை. இரண்டாவது, அரையாண்டுக்கொரு முறை அவர்கள் வாயிலில் கையேந்தி நிற்பது தன்மானமுடையோர்க்கு அழகன்று. மூன்றாவது, மன்றம் பாதியில் நிற்கிறது.

சேலத்திலிருந்து திரும்பிய சென்னியப்பன் வரைவைப் படித்துவிட்டு நின்றபடியே கேட்டான்.

"போன வாரம் நுகத்தடின்னீங்க. இப்பக் கழுத்தை உருவிக்கறீங்க. நடுவுல என்னாச்சுங் மாமா?"

"சிந்தித்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? பொட்டிய நானு செஞ்சது."

"செய்தவன் நீ, பெயர் வைத்து, ஊர் ஊராகப் பேசி, உலகறியச் செய்தவன் நான்."

அவன் தன் அக்காவைப் பார்த்தான். பூவாத்தாள் என்ற அவள் பெயரை நான் பூங்கோதை என மாற்றி இருபதாண்டு ஆகிறது. அவன் மட்டும் பழைய பெயரை விடுவதில்லை. "பூவாக்கா, இவரு மேடையில பேசறப்ப நான் எதுத்துப் பேச முடியாது. வீட்லயாவது மேடையிலிருந்து எறங்கச் சொல்லு" என்றான்.

அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.


ஏப்ரல் 2

கோவை சென்று வந்தோம். என் வாழ்நாளின் தலைசிறந்த உரையை இன்று ஆற்றினேன். கேட்டவர் மூவர் மட்டுமே.

குளிர்ந்த அறை. மேசையின் தலைமாட்டில் ஆலை முதலாளி நஞ்சையன், எழுபது அகவை. அவர் பக்கத்தில் வசுமதி. எதிரே நானும் சென்னியப்பனும். வசுமதி இரு வரைவுகளையும் அருகருகே விரித்து வைத்திருந்தார்.

"இது பதினாலாம் தேதி எழுதுனது. இது இருபத்தி நாலாம் தேதி எழுதுனது. எனக்கு ஒண்ணே ஒண்ணு புரியலீங்க ஐயா. முன்னத்ததுல எங்ககூடப் பத்து வருசம் இருக்கறேன்னீங்க. பின்னத்ததுல காசை வாங்கிட்டுக் கதவைச் சாத்திக்கறேங்கறீங்க."

கணக்கில் மறைப்பு நேரும் என்ற முதற்காரணத்தைச் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

"நேருங்க. மறுக்கலை. அதுக்கு ஒவ்வொரு பொட்டிக்கும் வரிசை எண் போட்டு, அந்த எண்ணுச் சீட்டை நீங்களே அடிச்சுக் குடுங்க. நீங்க குடுத்த சீட்டுக்கு மேல ஒண்ணு விக்க முடியாது. சரிங்களா?"

நல்ல வழிதான். நான் இரண்டாவது காரணத்துக்குச் சென்றேன்.

"தன்மானமெல்லாஞ் சரிங்க ஐயா" என்றார். "என்னைப் பெத்த ஐயன் மாட்டு யாவாரி. சந்தையில விக்கறவன், 'ரெண்டு மாசம் கறந்து பாத்துட்டுக் காசு குடு'ன்னா, எங்கய்யன் மாட்டோட பல்லைக்கூடப் பாக்கமாட்டாரு. 'இப்பவே முழுசா எண்ணி வை'ன்னா, வாயைத் தொறந்து, காலைத் தூக்கி, மடியைத் தட்டி எல்லாம் பாப்பாரு."

நஞ்சையன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அப்போதுதான் சென்னியப்பன் அந்தச் சொல்லை வெளியே விட்டான். "ரெண்டு கோடை பாத்துட்டா நல்லதுதானுங்க" என்றான், யாரும் கேட்காமலே.

வசுமதி எழுதுகோலைக் கீழே வைத்தார். "அப்ப இப்படிப் பண்ணிக்கலாமுங்க. மொத்தத் தொகையே இருக்கட்டும், ஒரு ரூபா கொறைக்கலை. பாதி இன்னிக்கு. மீதிப் பாதி ரெண்டு கோடை கழிச்சு. அதுவரைக்கும் பொட்டி கத்த வேண்டிய எடத்துல கத்திட்டிருந்தா, நானே காசோலையைக் கொண்டாந்து குடுக்கறேன்."

 நான் எழுந்தேன். அமர்ந்து பேசி எனக்குப் பழக்கமில்லை.

"அம்மையே! மலக்குழியிலும் சாயக்குழியிலும் மாண்டோரின் பட்டியலை நான் மனப்பாடமாகச் சொல்வேன். அவர்தம் பிணத்தைத் தோள்மீது சுமந்தவன் நான். அந்தத் தோளைப் பார்த்தா மாட்டின் மடியைத் தட்டுகிறீர்? இரண்டு கோடை பொறுக்கச் சொல்கிறீர். இரண்டு கோடைக்குள் எத்தனை பேர் இறங்குவர்? எத்தனை பேர் ஏறுவர்? ஐயத்தின் பேரில் பாதியைப் பிடித்துவைப்பவர், உயிரிலும் பாதியையா காப்பீர்? நம்புவதானால் முழுதும் நம்புங்கள். இல்லையேல் இந்தத் தாளைக் கிழித்து என் கையில் கொடுங்கள். நான் நடந்தே ஈரோடு போகிறேன்!"

நஞ்சையன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாயப்பட்டறைத் தொட்டி ஒன்றில் அவருடைய ஆள் ஒருவன் முன்னாளில் மாண்டிருக்கிறான் என்று பிறகு அறிந்தேன்.

"போதும் அம்மிணி" என்றார் வசுமதியிடம். "இவரு பேச்சைக் கேட்டாப் பொய் சொல்றவராட்டவா இருக்குது? முழுசாக் குடுத்துரு."

"ஐயா, பேச்சுக்கு நாம காசு குடுக்கலீங்க."

"குடுத்துருங்கறேன்ல."

வசுமதி இரண்டு வரைவுகளையும் மடித்துத் தம் கோப்பில் வைத்துக்கொண்டார். முதல் வரைவு இனித் தேவையில்லையே என்றேன். "இருக்கட்டுங்க. தாளு சோறா கேக்குது?" என்றார்.

திரும்பும் வழியில் பெருந்துறையில் இளநீர் வாங்கினோம். சென்னியப்பன் குடிக்கவில்லை.


ஏப்ரல் 17

பணம் வந்துவிட்டது. மன்றத்துக்குக் கூரைத்தகடு எடுத்தேன். நீலமா சிவப்பா என்று சங்கத்தாரிடையே இரு மணி நேரம் பூசல். சிவப்பு வென்றது.

சென்னியப்பன் என்னிடம் பேசி இரு கிழமையாகிறது. கருவியகத்துக்கு வருகிறான், குனிந்த தலை நிமிராமல் வேலை செய்கிறான். ரங்கப்பனின் பழைய கருவியைத் திருப்பி வாங்கி ஆய வேண்டும் என்று அக்காவிடம் சொல்லியனுப்பினான். ரங்கப்பன் அதைக் கழற்ற விரும்பமாட்டான் என்று நான் மறுமொழி சொல்லியனுப்பினேன். மேலும் கருவி இப்போது கோவை ஆலையின் பொறுப்பு. ஒப்பந்தம் அவ்வாறுதான் சொல்கிறது.


மே 1

தொழிலாளர் நாள். மூன்று ஊர்களில் பேசினேன். சித்தோட்டு மேடையிலிருந்து இறங்குகையில் ரங்கப்பன் தன் மனைவி செல்லாத்தாளை அழைத்துவந்து முன்னே நிறுத்தினான்.

"பாத்துக்க, இவருதான். இவரு எறங்குன்னாரு, எறங்குறேன். பயந்துக்கறாளுங்க தலைவரே. நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேடையில் பறை முழங்கத் தொடங்கியது. பேச்சுக் கேட்காது என்று கைகாட்டிவிட்டு வண்டியேறினேன்.


மே 20

நூற்று ஆறு. மூன்று நாளாகக் கூட்டங்களுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. தொண்டைப்புண் என்று சொல்லியிருக்கிறேன். பூங்கோதை வெந்நீர் தந்துவிட்டு, "வாயத் தொறங்க பாக்கலாம்" என்றாள். பார்த்தாள். "ஒண்ணுமில்லீங்களே" என்றாள்.


சூன் 4

ரங்கப்பன் இறந்துவிட்டான்.

காலை பத்து மணி. பட்டறை ஒன்றின் கழிவுத்தொட்டி. ஏணியின் நான்காம் படியில் நின்றபடி மேலே இருந்தவனிடம், "கிளி தூங்குதுப்பா, உள்ள ஒண்ணுமில்லை" என்று சொன்னானாம். பிறகு இறங்கினான். தூக்கப் போனவன் மயங்கிப் பிழைத்தான். ரங்கப்பனைக் கொக்கி போட்டு எடுத்தார்கள்.

இடைவாரில் கருவி இருந்தது. அது அலறவே இல்லை.


சூன் 5

உடலைப் புதிய மன்றத்தில் கிடத்தினர். திறப்புவிழா நடக்காத மன்றம். சிவப்புத் தகட்டின் கீழ் வெம்மை உலை போல இருந்தது. பனிக்கட்டி மூன்று முறை மாற்றினர்.

ஒலிவாங்கியை என் கையில் கொடுத்தார்கள். மறுக்க வழியில்லை. இருபது மணித்துளி பேசினேன். பட்டறை முதலாளியைச் சாடினேன். காற்றைச் சாடினேன். ஆள்வோரைச் சாடினேன். கேட்டவர் கதறினர். என் குரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

முடித்தபோது சீழ்க்கை எழவில்லை. இறந்த வீட்டில் எழாது. ஆயினும் நான் அதற்காக நொடிப்பொழுது நின்றதை உணர்ந்தேன்.

நாவை அறுத்து வைப்பேன் என்று சொன்னதை ஒருவரும் நினைவூட்டவில்லை. செல்லாத்தாள் மட்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.


சூன் 9

வசுமதி கோவையிலிருந்து தாமே வண்டியோட்டிக்கொண்டு வந்தார். விற்பனைக்கு அனுப்பிய அறுநூறு கருவிகளையும் திரும்ப அழைத்துவிட்டாராம். ரங்கப்பனின் சாவை விசாரிக்கும் ஆய்வு அலுவலரிடம் நாளை நான் அறிக்கை தர வேண்டும்.

கருவியகத்தில் அமர்ந்தோம். சென்னியப்பனும் இருந்தான். ரங்கப்பனின் கருவியை அலுவலர் முன்னிலையில் பிரித்தவன் அவன்தான். உள்ளே திரவம் முற்றும் வறண்டிருந்ததாம். வறண்ட தடம் பல நாள் பழையதாம்.

"மின்கலம் தீர்ந்திருக்கலாம்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தனர். வசுமதி அதே இரு வரைவுகளை மேசையில் விரித்தார்.

"உங்களுக்கு நட்டம் ஒண்ணுமில்லீங்க ஐயா. காசு முழுசா வந்துருச்சு. நான் சண்டைக்கு வரலை. ஒரே ஒரு கேள்வி, அதுவும் எனக்காகத்தான். பத்தொம்பதாம் தேதி போன்ல பேசறப்ப ராயல்டிக்கு ஒத்துக்கிட்டுச் சந்தோசமா இருந்தீங்க. இருபத்தி நாலாம் தேதி வேண்டாம்னுட்டீங்க. பாதியை நிறுத்தி வெச்சுக்கறேன்னதுக்கே எந்திரிச்சு நின்னு அந்தப் பேச்சுப் பேசுனீங்க. கருவி ரெண்டு கோடை தாங்காதுன்னு தெரிஞ்சவன்தான் அப்படிப் பேசுவான். நடுவுல அந்த நாலஞ்சு நாள்ல என்ன நடந்துச்சுங்க?"

"சிந்தித்தேன்" என்றேன்.

சென்னியப்பன் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து மேசைமீது வைத்தான். சிறு மின்கலம். கருவியிலிருந்து எடுத்தது.

"இது தீரலீங் மாமா. முழுசா இருக்குது" என்றான். "மேல எழுதியிருக்கறதப் படிங்க. எனக்குத்தான் படிக்க வராதே."

௨௧-௩. என் கையெழுத்து. என் மை.

நான் படிக்கவில்லை. வசுமதி குனிந்து பார்த்தார். தமிழ் எண் அவருக்குத் தெரிந்திருந்தது. "இருபத்தி ஒண்ணு" என்றார் மெதுவாக. தாள்களை மடித்தார். குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்காமல் கிளம்பிவிட்டார்.

சென்னியப்பன் தன் கருவிகளைப் பையில் எடுத்துவைத்தான். வாயிலில் நின்று, "நீங்க சொல்லாட்டி நாளைக்கு அந்த ஆபீசர்கிட்ட நான் சொல்லுவேன். ஆனா எனக்குத் தெரிஞ்சது பேட்டரி மட்டுந்தான். மீதி உங்களுக்குத்தான் தெரியும்" என்றான்.


சூன் 10

ஆய்வு அலுவலர் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். இந்நாட்குறிப்பையும் எடுத்துச் செல்கிறேன். அதற்கு முன், ஒரு நாளின் பதிவை மீண்டும் எழுத வேண்டும்.

மார்ச்சு 21

முற்பகல் ரங்கப்பன் வந்தான். தேநீரை வாங்கிக் கையில் வைத்திருந்தானே ஒழியக் குடிக்கவில்லை. "நேத்துத் தொட்டியில வீச்சம் மண்டையப் பொளந்துச்சுங்க தலைவரே. கிளி கத்துலீங்க" என்றான். கருவியை வாங்கிக் கண்ணாடி ஆய்வுப்பெட்டியுள் வைத்து நச்சுக்காற்றைத் திறந்துவிட்டேன். அது அலறவில்லை. மின்கலத்தை மாற்றிவிட்டு மறுபடியும் திறந்துவிட்டேன். மூன்றாம் முறை இருமடங்கு விட்டேன். அப்போதும் அது அலறவில்லை. பெட்டிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவனும் நின்றோம். புதிய மின்கலத்தில் கருவியின் விளக்கு எரிந்தது, சரியாகிவிட்டது என்று அவன் எண்ணினான். பெட்டிக்குள் நான் விட்டது நச்சுக்காற்று, கருவி அலறியிருக்க வேண்டும் என்று அவனுக்கு நான் சொல்லவில்லை. அடிக்கல்லை எண்ணினேன். வசுமதி அம்மையார் அலைபேசியில் சொன்னதை எண்ணினேன். வெளியே எடுத்து, துடைத்து, அவன் இடைவாரில் நானே மாட்டினேன்.

"சரியாப் போச்சுங்களா? இத நம்பி எறங்கலாமுங்களா தலைவரே?" என்று கேட்டான்.

இறங்கு என்றேன்.